குடை சாய்ந்த பக்கம்

சவுக்குமலைத் தோட்டத்துத் தபால்காரன் அழகையா, குடிக்கமாட்டேன் என்று மாரியம்மன் முன்னால் சத்தியம் செய்த பிறகு ஒரே ஒரு முறைதான் சாராயக்கடைக்குள் போனான். அவனைக் காப்பாற்றியது அந்த ஒரு முறைதான் என்று அவன் பெண்சாதி இராக்கம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். சாராயத்தின் பெருமை பேச வந்த கதை அல்ல இது. சாராயத்தின் கேட்டை அறியாதவர் அந்த நாளில் பதுளைப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. எல்லாரும் நன்றாக அறிந்துகொண்டுதான் குடித்தார்கள்.

அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிட்டிருந்தது. அதற்கு இப்பால் எல்லாம் மாட்டுவண்டியும் மனிதக் காலும்தான். ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்கு அப்பால் ஒரு மடிப்பில் ஒளிந்திருந்த சவுக்குமலையிலிருந்து பதுளைக்கு ஆறு மைல். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு கலைந்து ஆட்கள் மலைக்கு ஏறும்போது தபால்காரன் மலையிலிருந்து இறங்குவான். துரையின் கடிதங்கள் பூட்டிய பையில் தோளில் தொங்கும். மாலையில் அதே பை கனத்துத் திரும்பும். பனி விலகாத அந்த வளைவுப் பாதையில், கொழுந்து வாட்டும் வாசனை ஒரு தோட்டத்தில் முடிந்து அடுத்த தோட்டத்தில் தொடங்கும் அந்த ஆறு மைலைப் போல ஓர் அழகான வழி உலகத்தில் இல்லை என்று நடந்தவர்கள் சொல்வார்கள். இப்போது சொல்கிறார்கள். நடந்த நாளில் அட்டையைத்தான் திட்டினார்கள்.

அந்த ஆறு மைலில் சாராயக்கடை மூன்று, கள்ளுக்கடை இரண்டு. முந்திய தபால்காரர்கள் மூவரும் போகும்போது ஒழுங்காகவே போனார்கள்; வரும்போதுதான் கடிதங்கள் எல்லாம் பையில் இருக்க, சுமந்தவன் கடை வாசலில் விழுந்து கிடப்பது வழக்கம். அதனால் துரை, ஐந்து கடைகளையும் தாண்டி நடக்கக்கூடிய ஒருவனைத் தேடினார். பெரிய கங்காணி அழகையாவைக் காட்டினார்.

அழகையாவுக்கு அந்தத் தகுதி வந்தது ஒரு விழுந்த கரகத்தால். தொள்ளாயிரத்து இரண்டாம் வருஷத் திருவிழாவில் கரகம் எடுக்க வேண்டிய அழகையா, குளிருக்கு என்று ஒரு கிளாஸும் பக்திக்கு என்று இரண்டு கிளாஸும் போட்டுக்கொண்டு வந்து, கோயில் வாசலில் அம்மனைப் பூவோடும் தண்ணீரோடும் கீழே போட்டான். ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயமே வாயில் அடித்துக்கொண்டது. பூசாரி அங்கேயே கற்பூரத்தைக் கொளுத்தி அவன் கையை அதன்மேல் நீட்டவைத்தார்.

"சொல்லுடா. இனிமே சாராயத்தக் கையால தொடமாட்டேன்."

"இனிமே சாராயத்தக் கையால தொடமாட்டேன். கள்ளக் கண்ணால பாக்கமாட்டேன்!"

இரண்டாவது வாக்கியம் பூசாரி கேட்காதது. அழகையா உற்சாகத்தில் தானாகச் சேர்த்துக்கொண்டது. இன்னும் போதை தெளியவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. ஆனால் சொல்லிவிட்டான்; சொன்னதைக் காத்தான். தொடாமல் இருப்பது சுலபம். பாதையோரத்தில் இரண்டு கள்ளுக்கடைகள் இருக்கையில் பார்க்காமல் போவதுதான் கஷ்டம். அதற்குத்தான் குடை.

துரை மழைக்கென்று கொடுத்த கறுப்புக் குடை அது. கள்ளுக்கடை வந்ததும் அழகையா அதைக் கடைப்பக்கம் சாய்த்துக்கொள்வான். நல்ல வெயிலிலும் சாய்ப்பான், பனியிலும் சாய்ப்பான். கடை வாசலில் இருப்பவர்கள், "அழகையா, இங்கிட்டா வெயிலு?" என்று கூப்பிடுவார்கள். குடைக்குள்ளிருந்து பதில் வரும்: "ஒங்க மூஞ்சியிலருந்து அடிக்கிது." ஒருமுறை ஒருவன் குனிந்து குடைக்குள் எட்டிப் பார்த்தான். அழகையா கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டுதான் நடந்தானாம். பள்ளத்தில் விழாமல் போனது அம்மன் புண்ணியம்.

கோளாறு என்னவென்றால், மாலையில் திரும்பும்போது கள்ளுக்கடைகள் இரண்டும் இடப்பக்கம். மார்கழி மழை வீசுவது வலப்பக்கம். சத்தியத்தைக் காத்த குடை அவனைக் காக்கவில்லை. ஆறு வருஷம் நனைந்து நனைந்து நெஞ்சில் ஓர் இருமல் குடியேறியது. அழகையா தோட்டத்து மருந்துக்கூடத்துக்குப் போனான்.

மருந்துக்கூடத்தின் டாக்குத்தர் ஐயா வைரவநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். டாக்குத்தர் என்று பரீட்சை எழுதியவர் அல்லர். ஆனால் எழுதியவர்களைவிட அழகாகக் கையெழுத்திடுவார்.

"எத்தினை நாளாய் இருமல்?"

"நாளு இல்லீங்க. வருசம்."

"விசர் மனிசன். முந்தியே வந்திருக்கலாம் எல்லே?" என்று அலுமாரியிலிருந்து கறுப்பாக ஒரு போத்தலை எடுத்தார். குளோரோடைன். சீனியில் பத்துத் துளி விட்டு நீட்டினார். "இருமலுக்கும் இதுதான், வயித்தோட்டத்துக்கும் இதுதான், நித்திரைக்கும் இதுதான். நான் சொல்லாமல் துளியைக் கூட்டிப்போடாதை."

புதினா வாசம், பாகின் இனிப்பு, நாக்கில் ஒரு விறுவிறுப்பு. பிறகு நெஞ்சுக்குள் யாரோ கம்பளி போர்த்தியது போல ஓர் இதம். இருமல் நின்றது. இருமல் மட்டுமல்ல, பசி, களைப்பு, காலில் அட்டை கடித்த அரிப்பு, கரகம் விழுந்த பழைய வெட்கம், எல்லாம் நின்றன. மறுநாள் ஆறு மைலும் இறக்கமாகவே இருந்தது. திரும்பும்போதும் இறக்கமாகவே இருந்தது.

அந்தக் கறுப்புத் திரவத்தில் அபின் கலந்திருப்பது அழகையாவுக்குத் தெரியாது. அபின் கடைகளுக்குச் சர்க்கார் பூட்டுப் போடவேண்டும் என்று பதுளைப் பெரியவர்கள் மனு எழுதிய காலம் அது. மனுவில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் கடைத்தெருவில் மருந்தும் மளிகையும் விற்ற ராமாமிர்தம் பிள்ளை. நெற்றி நிறையத் திருநீறு, மதுவிலக்குச் சங்கத்துக்குக் காரியதரிசி. அவர் கடையில்தான் குளோரோடைன் பெரிய ஜாடியில் இருந்தது. கேட்டவர்க்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தார். அவருக்கும் அதில் ஒரு முரண்பாடும் தோன்றவில்லை. அபின் என்றால் போதை. போத்தலில் இருந்தால் மருந்து.

அழகையாவின் வாழ்க்கையும் அந்த ஒரு சொல்லில்தான் நடந்தது. மருந்து. சாராயத்தைத் தொடவில்லை, கள்ளைப் பார்க்கவில்லை, மருந்துதான் சாப்பிட்டான். பத்துத் துளி இருபதாயிற்று, இருபது எண்ணமுடியாதது ஆயிற்று. சீனி தேவையற்றதாகி, கடைசியில் கரண்டியும் தேவையற்றதாயிற்று. பெரட்டில் தள்ளாடி வந்தவர்களிடம் பெரிய கங்காணி, "அழகையாவப் பாருங்கடா! அவனும் மனுசந்தானே?" என்று கத்தும்போது, கடுகளவு சுருங்கிய கண்மணிகளோடு அழகையா அடக்கமாகத் தலைகுனிந்து நிற்பான். அதில் பாதி அடக்கம், பாதி தூக்கம்.

இராக்கம்மாவுக்குத்தான் முதலில் தெரிந்தது. அவள் கொழுந்து பறிப்பவள், வாய் நீளமானவள், சம்பள நாளன்று மேல்வலிக்கு என்று ஒரு மிடறு சாராயம் குடித்துவிட்டு அதை ஊருக்கே சொல்கிறவள்.

"ஏங்க, சோத்துல கையே வைக்க மாட்டேங்கறீங்க. மத்தியானமானா கொட்டாவி, மூக்குல தண்ணி, ஒடம்பெல்லாம் மயிர்க்கூச்செறியுது. அந்தப் போத்தல்ல ரெண்டு ஊத்துனதும் மாப்பிள்ளை மாதிரி எந்திரிக்கிறீங்க. இது என்னா மருந்து?"

"இருமலுக்கு."

"இருமல் போயி மூணு வருசமாச்சு."

"அது திரும்பி வராம இருக்கத்தான்."

"நான் குடிச்சா ஊருக்குத் தெரியுது. நீங்க குடிக்கிறது ஒங்களுக்கே தெரியல" என்றாள் இராக்கம்மா.

அழகையாவுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. சத்தியம் செய்தவனைப் பார்த்துக் குடிகாரன் என்பதா? ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பேசாமலிருக்க இன்னும் கொஞ்சம் மருந்து வேண்டியிருந்தது.

இதற்குள், பிள்ளை கடையில் அவன் தனக்கென்று வாங்கிய கைப்போத்தல் போதாமல் போயிற்று. மருந்துக்கூடத்துப் போத்தலை ராமாமிர்தம் பிள்ளை கடையில் நிரப்பித் தோட்டத்துக்குக் கொண்டுவருவதும் தபால்காரன் வேலைதான். வழியில் தக்கையைத் திறந்தான். முதலில் ஒரு மிடறு. குறைந்த அளவைச் சரிக்கட்ட, பாதையோரக் கிராமத்துச் சிங்கள வீட்டில் கித்துள் பாணி வாங்கி ஊற்றினான். பனைவெல்லப் பாகைப் போன்ற அந்தக் கித்துள் மரத்துப் பாணிக்கு அதே கறுப்பு, அதே பிசுபிசுப்பு. கொஞ்சம் புதினாச் சாறும் பிழிந்துவிட்டான். வரவரப் பாணி கூடியது, மருந்து குறைந்தது. தொள்ளாயிரத்துப் பதினோராம் வருஷத்து மழைக்காலத்தில், வைரவநாதனின் அலுமாரியில் இருந்தது மிக நேர்த்தியான புதினாப் பாணி. அவர் லேபிள் எழுதி ஒட்டியிருந்தார், அழகான கையெழுத்தில்.

அந்த மழையில், மலை ஊற்றிலிருந்து லயத்துக்கு வரும் பீலித் தண்ணீர் கெட்டது. வயிற்றோட்டம் கீழ்லயத்தில் தொடங்கி மேலே ஏறியது. வைரவநாதன் துளிகள் கொடுத்தார்; நிற்கவில்லை. இரட்டிப்பாகக் கொடுத்தார், நிற்கவில்லை. தேக்கரண்டிக்குப் போனார். சிலர் தாமாகவே தேறினார்கள். கீழ்லயத்துக் கிழவி கருப்பம்மா தேறவில்லை. அவள் வயதுக்கு எந்த மருந்தும் பிடித்திருக்காது என்று எல்லாரும் சொன்னார்கள். அசல் மருந்து கொடுத்திருந்தாலும் செத்திருப்பாள் என்று வைரவநாதனே பிற்காலத்தில் சொன்னார். அழகையா ஒருவனால்தான் அதைச் சொல்ல முடியவில்லை. அவன் பாடையின் பின்னால் நடந்தான், கைப்போத்தல் மடியில் இருந்தது.

அதற்கு ஐந்தாம் நாள் இராக்கம்மாவும் நோயில் விழுந்தாள்.

வைரவநாதன் அவளுக்கு ஒரு கரண்டியில் தொடங்கி இரண்டு கரண்டிக்கு வந்தார். மூன்று நாளில் அவள் கொழுந்துக் கூடையை விட மெலிந்துபோனாள். இதற்கிடையே, கடை ஜாடியில்தான் கோளாறு என்று முடிவுகட்டிய டாக்குத்தர் கொழும்புக்கு எழுதியிருந்தார். அரக்கு முத்திரை வைத்த புதுப் போத்தல் தபாலில் வந்தது. அழகையாவே சுமந்து வந்தான். முத்திரை உடைந்தால் தெரியும் என்பதால் அதைத் திறக்கவில்லை. திறக்காததை நினைத்து வழியெல்லாம் பெருமையும்பட்டான். இதோ, இராக்கம்மாவுக்கு அசல் மருந்து.

லயத்து அறைக்குள் வைரவநாதன் அரக்கை உடைத்தார். கரண்டியை எடுத்தார்.

"இரண்டு கரண்டிக்கும் அசையேல்லை. இண்டைக்கு மூண்டு குடுத்துப் பாப்பம்."

அழகையா அந்தக் கறுப்புத் திரவம் கரண்டியில் விழுவதைப் பார்த்தான். தோட்டத்தில் அதன் பலம் தெரிந்தவன் அவன் ஒருவனே. வருஷக்கணக்கில் பழகிய தன் உடம்பையே மூன்று கரண்டி நாள் முழுக்கச் சாய்த்துவிடும். பத்துத் துளிக்குமேல் அறியாத இந்த உடம்பு, எட்டு நாள் பட்டினி கிடந்தது போல் இருக்கிறது, தூங்கினால் எழுந்திருக்காது. சொன்னால், கரகம் விழுந்த நாளிலிருந்து ஒன்பது வருஷமாகச் சேர்த்த பெயர் போய்விடும். தபால் வேலை போய்விடும். செத்த கருப்பம்மாவும் வாய் திறப்பாள். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் பாதி லயம் நின்றுகொண்டிருந்தது.

கரண்டி இராக்கம்மாவின் வாய்க்குப் போனது. அழகையா டாக்குத்தரின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வேணாங்க."

"கையை விடு! என்னடா, உனக்கும் விசரோ?"

"பத்துத் துளி குடுங்க. பத்துக்கு மேல வேணாங்க."

"பத்துத் துளியோ? இரண்டு கரண்டிக்கே நிக்கேல்லை எண்டுறன்!"

"அது மருந்தில்லீங்க, ஐயா. அது கித்துள் பாணி."

டாக்குத்தர் கரண்டியைப் பின்னுக்கு இழுத்தார்.

"ஆர் ஊத்தினது?"

"நாந்தாங்க."

"அப்ப மருந்து? மருந்து எங்கை?"

அழகையா தன் வயிற்றில் கைவைத்துக் காட்டினான்.

பாயில் கிடந்த இராக்கம்மா கண்ணைத் திறந்தாள். "நானும் நெனச்சேன்" என்றாள் ஈனக்குரலில். "நாக்கு விறுவிறுக்காம வெறுமன இனிக்கிதேன்னு. வெந்நித்தண்ணி குடுங்க."

டாக்குத்தர் கரண்டியை மீண்டும் போத்தலில் சாய்த்தார். அவசரத்தில் பாதி தரையில் போயிற்று. பத்துத் துளி எண்ணப் போய், ஏழோடு நிறுத்திவிட்டார். பிறகு ஒரு மணி நேரம் அவள் மூச்சைப் பார்த்துக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். கொதித்த தண்ணீரும் கஞ்சித்தண்ணீரும் மாதுளந்தோலும், ஏழு துளியும், அவளுடைய பிடிவாதமும் சேர்ந்து இராக்கம்மா பிழைத்தாள்.

தபால் வேலை போகவில்லை. பாணிக்கும் மருந்துக்கும் வித்தியாசம் தெரியாமல் இத்தனை நாளாகக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன் என்று துரைக்கு எழுத எந்த டாக்குத்தரும் விரும்பமாட்டார். அழகையாவிடம் மட்டும் சொன்னார்: "பிழை உன்னிலை மட்டும் இல்லை. முதல் பத்துத் துளியும் நான் தந்தது. ஒருக்காலும் திரும்பிப் பாக்கேல்லை." ஒரேயடியாக நிறுத்தினால் உடம்பு தாங்காது என்று, தினமும் தன் கையாலேயே துளி எண்ணிக் கொடுத்து, வாரத்துக்கு வாரம் குறைத்தார்.

கோயில்தான் மிச்சம் இருந்தது. சத்தியம் முறிந்ததா என்று லயத்துப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். பூசாரி நெடுநேரம் யோசித்து, சாராயத்தைத் தொடவில்லை, கள்ளைப் பார்க்கவில்லை, ஆகவே சத்தியம் முழுசாக இருக்கிறது என்றார். சொல்லில் ஒரு கீறலும் இல்லை. சொன்னவன்தான் துண்டு துண்டாக நின்றான்.

"அப்ப புதுசா ஒண்ணு பண்ணட்டும். நான் சொல்லிக் குடுக்கிறேன்" என்று எழுந்தாள் இராக்கம்மா. "எதக் குடிச்சா இன்னுங் கொஞ்சம் வேணும்னு தோணுதோ, அத இனிமே குடிக்க மாட்டேன்."

"அப்படிப் பாத்தா தேத்தண்ணியும் போச்சே?" என்றார் ஒருவர்.

"தேத்தண்ணிக்காக யாரும் பாணி ஊத்தலயே, மாமா" என்றாள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

கடைசித் துளியும் நின்ற பிறகு அழகையா பட்டபாட்டை லயமே கேட்டது. கால்கள் தாமாக உதைத்துக்கொண்டன. எலும்புக்குள் எறும்பு ஊர்கிறது என்று அழுதான். அதுவும் அடங்கியது. நாற்பதாம் நாள், தேறிவிட்டான் என்று எல்லாரும் நம்பியிருந்தபோது, தபால் எடுக்கப்போன இடத்தில் ராமாமிர்தம் பிள்ளை கடையில் ஒரு போத்தல் வாங்கிக் குடித்துவிட்டு வந்தான். இராக்கம்மா அவன் வாயில் புதினாவை மோந்தாள். திட்டவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. மறுநாள் கூடையை மாட்டாமல், பேர் விழாமல் அன்றைய கூலி போனாலும் பரவாயில்லை என்று, அவன் பின்னால் பத்தடி விட்டுப் பதுளைக்கு நடந்தாள். அப்படி ஒரு மாதம் நடந்தாள்.

அந்த மாதத்தில்தான் ஒருநாள், கடைத்தெருவில் ராமாமிர்தம் பிள்ளை தம் கடை வாசலில் நின்று அன்போடு கூப்பிட்டார்.

"என்ன அழகையா, ஆளையே காணோம்? புது ஜாடி வந்திருக்குப்பா. வா, வா!"

அழகையாவின் கால்கள் அந்தப் பக்கம் திரும்பின. இராக்கம்மா பார்த்துக்கொண்டிருந்தாள், கூப்பிடவில்லை. இரண்டு எட்டு வைத்தான். மூன்றாவது எட்டில் விசுக்கென்று திரும்பி, தெருவைக் குறுக்கே கடந்து, எதிரே திறந்திருந்த முதல் கதவுக்குள் ஓடினான். அது சாராயக்கடை.

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பதுளைப் பாதையில் அந்தக் குடையை அறியாத குடிகாரன் இல்லை. அழகையா எதன்மேலும் கை படாமல் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்களை இறுக மூடி, சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான்.

"என்னா வேணும்?" என்றான் கடைக்காரன்.

"ஒண்ணும் வேணாங்க. கொஞ்ச நேரம் நிக்கணும்."

"இங்கயா?"

"இங்க ஒரு பயமும் இல்லீங்க."

இராக்கம்மா உள்ளே வந்தாள். "அக்கா, ஒங்க வீட்டுக்காரரு தவம் பண்றாரு. நீங்க ஒண்ணு போடுறீங்களா?" என்றான் ஒருவன். "எங்க வீட்டுக்கு ஒரு கூத்து போதும்ப்பா" என்றாள். அவளும் சுவரோரம் நின்றாள். அவன் நடுக்கம் நிற்கும்வரை இருவரும் நின்றார்கள். பிறகு அவள் குடையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"விரிச்சுக்கங்க. இனிமே அந்தப் பக்கம் சாய்ச்சுக்கங்க."

அன்றிலிருந்து குடை கள்ளுக்கடைகளுக்குச் சாயவில்லை. பதுளைக் கடைத்தெருவில், ராமாமிர்தம் பிள்ளை கடைக்கு இருபது அடி முன்னால் சாய்ந்து, இருபது அடி தாண்டி நிமிர்ந்தது. கள் கண்ணில் படுமே என்று யாரோ கேட்டதற்கு, அம்மன் மன்னிப்பாள், அந்த ஜாடி மன்னிக்காது என்றானாம். அந்தக் காலத்தில் தோட்டத்து ஆட்கள் பெரிய மனிதர் முன்னால் குடையைத் தாழ்த்துவது மரியாதை. பிள்ளையும் அப்படியே எடுத்துக்கொண்டார். "அந்தச் சவுக்குமலைத் தபால்காரன் இருக்கானே, ஒரு நாள் தவறினதில்லை. இந்த மாதிரி அடக்கம் இப்ப யாருக்கு இருக்கு?" என்று சங்கக் கூட்டத்திலேயே சொன்னாராம்.

பதின்மூன்று வருஷம் அப்படி நடந்தான். நடுவில் ஒருமுறை தவறினான் என்றும், இல்லை இருமுறை என்றும் சொல்வார்கள். இராக்கம்மா எண்ணிக்கை சொல்ல மறுத்துவிட்டாள். இருபத்துநாலில் ரயில் தெமோதரையைத் தாண்டிப் பதுளைக்கு வந்தது. மறுவருஷம் அழகையா நெஞ்சுச் சளியில் போனான். வைரவநாதன் கடைசியில் ஏதாவது கொடுக்கவா என்று கேட்டதற்கு, "தேத்தண்ணி" என்றான்.

குடை இராக்கம்மாவுக்கு வந்தது. அதற்குப் பிறகும் சில வருஷம் அவள் மாதம் ஒருமுறை பதுளைக்கு வருவாள். அதற்குள் பிள்ளை காலமாகி, அவர் மகன் ஜாடிகளை எடுத்துவிட்டுப் புடைவைக்கடை வைத்திருந்தான். வாசல் நிறையச் சேலைகள் தொங்கும். மற்றப் பெண்கள் நின்று பார்ப்பார்கள். இராக்கம்மா இருபது அடி முன்னாலேயே குடையைச் சாய்த்துக்கொண்டு, ஒன்றையும் பார்க்காமல் போவாள்.